ஏரி என்று தேடினால்

காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில், லாட்ஜுக்கு மேல்மாடி.
மூன்று கணினி, ஒரு ஸ்கேனர்,
மே மாதத்தில் தானும் வியர்க்கிற சுவர்.
என் பங்குக்கு வந்தவை இரண்டு:
செல் அரித்த நிகண்டு ஒன்று,
பாலாற்றங்கரையை நடந்தே எழுதிய
எவனோ ஒரு கணக்கனின் நிலவிவரம் ஒன்று.

முதல் ஏட்டோடு அவன் பெயரும் போயிருக்கிறது.
ஆசிரியர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ அடித்தேன்.
அடித்த பிறகும் கொஞ்ச நேரம்
விரல் அந்த விசைமேலேயே கிடந்தது.

நிகண்டில் ஆறு என்றால் நதி.
ஆறு என்றால் வழி.
ஆறு என்றால் ஐந்துக்கு அடுத்தது.
ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் கொடுத்துப் பிரிக்க வேண்டும்,
இல்லாவிட்டால் மூன்றையும் ஒரே தொட்டியில் ஊற்றிவிடும் இயந்திரம்.
பிரித்தேன்.
சாயங்காலம் காட்பாடி பஸ் பாலத்தில் ஏறியது.
கீழே மணலில் லாரிச் சக்கரத் தடம்,
மூன்று ஸ்டம்பு,
எருமை ஓட்டிக்கொண்டு அக்கரைக்கு நடக்கிற ஒருவர்.
முதல் பொருளா, இரண்டாம் பொருளா?
ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே
பிரித்ததைச் சேர்த்துவிட்டேன்.

கணக்கன் தூரத்தை இப்படி எழுதுகிறான்:
‘அம்மன் கோயிலுக்கு வடக்கே கூப்பிடு தூரம்.’
படிவமோ மீட்டரில் கேட்கிறது.
யார் கூப்பிட்டது? எந்தக் காற்றில்?
முன்னூறு போடு, என்றாள் நிலோபர்.
ஆம்பூர்க்காரி, அவள் குரல் அப்படி.
என் குரல் நூற்றைம்பதைத் தாண்டாது.
இருநூறு போட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தோம்.

முந்திரி, காணி, மா என்று
நிலத்தை அவன் நறுக்கிய இடமெல்லாம்
திரையில் வெற்றுக் கட்டம்,
லே-அவுட் போட்டு விற்காத மனைபோல வரிசையாக.
எழுத்துரு ஒன்றை இறக்கியதும் பாதிக் கட்டத்தில் குடிவந்தார்கள்.
மீதி இன்னும் அப்படியே.

ஜூலையில்தான் ஏரிகளுக்கு வந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு ஏரி எழுதியிருக்கிறான்,
விரல்விட்டு எண்ணினேன்.
தேடல் பெட்டியில் ஏரி என்று அடித்தால்
வருவது நாற்பத்தொன்று.
மீதி எழுபத்தொன்றும் கண்ணெதிரே பக்கத்தில் இருக்கின்றன,
வாய்விட்டுப் படிக்கிறேன், ஏரி, ஏரி, ஏரி.
இல்லை என்கிறது கணினி.

அரைநாள் போயிற்று கண்டுபிடிக்க.
எனக்கு முன்னால் தட்டச்சு செய்த யாரோ
ரகரத்துக்குப் பதில் துணைக்காலை நட்டு
அதற்கு மேல்விலங்கு மாட்டியிருக்கிறார்.
பார்க்க அச்சு அசல் ரி.
உள்ளே ரி இல்லை.

ஒற்றை வரிக் கட்டளை. எழுபத்தொன்றும் திரும்பின.
நிலோபர் டீ வாங்கிக் கொடுத்தாள், பிஸ்கட்டோடு.

பிறகு ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குத்த வேண்டும்.
முப்பத்தெட்டாவது: குறும்பர் தாங்கல் ஏரி,
மதகு இரண்டு, கரையில் புளியமரம் ஒன்பது,
அம்மன் கோயிலுக்கு வடக்கே கூப்பிடு தூரம்.
புள்ளி விழுந்தது
காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில்.
பெரிதாக்கிப் பார்த்தால் எங்கள் மொட்டைமாடி,
அதில் நீலமாக சின்டெக்ஸ் தொட்டி.

நிலை என்ற இடத்தில் மூன்று தேர்வு:
உள்ளது. இல்லை. தெரியவில்லை.
கீழே, கொல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள்
லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள்.
மூன்றாவதைத் தொட்டேன்.
கேள்விக்குறி வைத்த இருநூறு மீட்டர்தானே,
அடுத்த தெருவாகவும் இருக்கலாம்.

நவம்பரில் நான்கு நாள் விடாத மழை.
படிக்கட்டில் ஐந்து படிக்குத் தண்ணீர்.
லாட்ஜ் மேனேஜர் மாநகராட்சியைத் திட்டிக்கொண்டே
பிளாஸ்டிக் வாளியால் இறைத்தார், எங்கே ஊற்றுவதென்று தெரியாமல்.
செருப்பைக் கையில் பிடித்து மேலே ஏறி
முப்பத்தெட்டைத் திறந்தேன்.
மின்சாரம் போனது.
ஜன்னலுக்கு வெளியே
முழங்கால் தண்ணீரின் அந்தக் கோடியில், பஸ்ஸை விட்டு இறங்கி,
சுடிதாரைத் தூக்கிப் பிடித்தபடி நிலோபர்
என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
கேட்டது.

முன்னூறு இருக்கும்.